கணினியும் கண்ணியமும்

கருவி எதுவாயினும், அதனை இயக்கும் முறையோடு அதற்குரிய ஒழுக்கமும் சேர்த்தே கற்பிக்கப்படல் வேண்டும் என்பது தொழில் செய்து வாழும் மக்கள் யாவரும் அறிந்த உண்மை. உழவன் தன் மகனுக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்பிக்கும்போதே, அயலான் வரப்பை வெட்டாதே என்றும் சொல்லிவைக்கிறான். கடற்றொழிலாளி வலை வீசக் கற்பிக்கும்போதே, பிறன் வலையில் கை வைக்காதே என்றும் கற்பிக்கிறான். இந்நூற்றாண்டின் பெருங்கருவியாகிய கணினி மட்டும் இதற்கு விலக்காகுமோ? இவ்வினாவுக்கு விடை காண, மன்னார்த் தீவின் வடகரையிலே அமைந்த பேசாலை என்னும் ஊரை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வழியிலே, பாக்கு விரிகுடாவை நோக்கியிருப்பது பேசாலை. வெற்றி அன்னை ஆலயத்தாலும், தவக்காலத்தில் நடைபெறும் திருப்பாடுகளின் காட்சியாலும் பெயர்பெற்ற ஊர் அது. கடலே அவ்வூரின் வயல். கடலே அதன் களஞ்சியம்.

கடலுக்கு வேலி இல்லை. ஆயினும் ஒழுங்கு உண்டு. கரைவலைத் தொழிலிலே பாடு என்று ஒரு முறை வழங்குகிறது. இன்ன கரையில் இன்னார் வலை வளைப்பது, ஒருவர் வலை கரையேறும்வரை மற்றவர் காத்திருப்பது என்பன எல்லாம் அம்முறையில் அடங்கும். இதனை எந்தச் சிறுவனும் நூலைப் படித்து அறிந்துகொள்வதில்லை. கயிறு இழுக்கும்போதே, தந்தையின் வாயிலிருந்தும் பெரியோர் நடையிலிருந்தும் கற்றுக்கொள்கிறான்.

இழுவைமடி வந்தபோது ஒரு புதிய வினா எழுந்தது. அது கடலின் அடித்தளத்தை வழித்துக்கொண்டு, பெருமீனையும் குஞ்சையும் ஒருங்கே வாரிவரும் வலிமையுடையது. சிறுதொழிலாளரின் வலைகள் குறுக்கிட்டால் அவற்றையும் அறுத்துச் செல்லும். பேசாலையிலும் இழுவைப்படகுகள் இருந்ததுண்டு. ஆகவே இவ்வழக்கின் இருபக்கங்களையும் அவ்வூர் அறியும். 2017 ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் இம்முறையைச் சட்டத்தினால் தடைசெய்தது. செய்ய முடியும் என்பது ஒன்று. செய்யத் தகும் என்பது வேறொன்று. கணினி ஒழுக்கம் என்று பெரியதொரு பெயரால் வழங்கப்படுவதன் சாரம் முழுவதும் இவ்வேற்றுமையிலே அடங்கிவிடுகிறது.

இலங்கையின் பாடசாலைகளிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாக இடம்பெற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எனினும் பிள்ளைகள் பலருக்கு அக்கருவி உண்மையிலே கைக்கு வந்தது 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தின் பின்னரேயாம். பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப் வழியாக வந்தன. அதுகாறும் பிள்ளை தொடக்கூடாது என்று உயரத்தில் வைக்கப்பட்ட கைத்தொலைபேசியைப் பெற்றோர் தம் கையாலேயே எடுத்துக் கொடுக்க நேர்ந்தது. நீந்தக் கற்பிக்குமுன் பிள்ளையை ஆழத்தில் இறக்கிய கதை இது. பாடசாலைகள் மீளத் திறந்தன; கைத்தொலைபேசியோ பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

ஒழுக்கம் பின்தங்கித் திறமை முன்சென்றால் யாது நேரும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு சான்று உண்டு. 2016 ஆம் ஆண்டு ஆகத்து மாத இறுதியிலே, சனாதிபதியின் அதிகாரபூர்வ இணையத்தளத்தினுள் யாரோ புகுந்து ஓர் அறிவித்தலை இட்டனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சையை ஏப்பிரல் மாதத்தில் நடத்தும் முடிவை மாற்றவேண்டும் என்பது அதிலிருந்த கோரிக்கைகளுள் ஒன்று. சில நாள்களுள், கண்டி மாவட்டத்துக் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் அது தொடர்பாகக் கைதுசெய்யப்பட்டான்.

அக்கோரிக்கையில் மாணவர்க்கு இயல்பான ஓர் ஆதங்கம் இருந்தது. ஏப்பிரல் மாதம் சித்திரைப் புத்தாண்டின் காலம். பேசாலை போன்ற ஊர்களிலே அது பல ஆண்டுகளில் புனித வாரத்தின் காலமுமாகும். ஆயின் நியாயமான குறை, நியாயமற்ற வழியை நியாயமாக்கிவிடாது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, உரிமையில்லை என்று அறிந்துகொண்டு பிறர் கணினியுள் புகுவதே குற்றம். புகுந்து கெடுதல் விளைத்தால்தான் குற்றம் என்பதில்லை. அயல்வீட்டுக் கதவு பூட்டப்படவில்லை என்று அறிவது வேறு. அதனைத் திறந்துகொண்டு உள்ளே செல்வது வேறு. பூட்டு இல்லை என்று வீட்டாருக்குச் சொல்பவன் நல்ல அயலான். கணினி உலகிலும் அவ்வாறு சொல்ல வழி உண்டு. இத்தகைய குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கென்றே 2006 ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கணினி அவசர உதவிப் பிரிவு இயங்கிவருகிறது. குறையை அறிவிப்பதற்கு இப்படியொரு வாயில் உண்டென்பதை எத்தனை வகுப்பறைகள் மாணவர்க்குச் சொல்லியிருக்கும்?

இன்னொரு மாணவனின் வரலாறு பிலிப்பைன்சு நாட்டைச் சேர்ந்தது. ஒனெல் டி குஸ்மான் என்பவர் மணிலாவிலே கணினிக் கல்லூரி ஒன்றில் பயின்றவர். பிறருடைய கடவுச்சொற்களைக் கவர்ந்து இணையத்தைப் பயன்படுத்தும் ஒரு நிரலை ஆய்வுப் பொருளாக அவர் முன்வைத்தார். கல்லூரி அதனை ஏற்க மறுத்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆந் தேதி, காதல் கடிதம் என்னும் போர்வையிலே ஒரு நிரல் மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் பரவி, இலட்சக்கணக்கான கணினிகளைக் கெடுத்தது. அதனை ஆக்கியவர் தாமே என்று 20 ஆண்டுகளின் பின்னர் அவர் ஒப்புக்கொண்டார். இணையத்துக்குக் கட்டணம் செலுத்த இயலாமையே தொடக்கம் என்றும், அது இவ்வளவு தூரம் பரவும் என்று எண்ணவில்லை என்றும் அவர் கூறினார். அவ்வேளையில் அந்நாட்டில் இதற்கேற்ற சட்டம் இருக்கவில்லை. ஆகவே வழக்குக் கைவிடப்பட்டது. சட்டம் அந்நிரல் பரவியதற்கு அடுத்த மாதமே இயற்றப்பட்டது.

இவ்விரு வரலாறுகளும் புகட்டும் பாடம் ஒன்றே. சட்டம் இருந்த நாட்டிலும், இல்லாத நாட்டிலும், அது பிழை நிகழ்ந்த பின்னரே பேசுகிறது. கல்லூரி மறுத்தது சரியே; ஆயினும் மறுப்பு வேறு, கற்பிப்பு வேறு. ஆகாது என்று சொல்வதோடு, ஏன் ஆகாது என்பதை மாணவன் உள்ளம் ஏற்கும்வரை உடனிருந்து உணர்த்துவதே ஆசிரியப் பணியாகும்.

அரசின் இணையத்தளத்துள் புகும் திறமை ஆயிரத்தில் ஒரு மாணவனுக்கு வாய்த்தாலும் அரிது. மற்றையோர் செய்யும் பிழைகளோ சிறியனபோலத் தோன்றுவன. ஆனால் அன்றாடம் நிகழ்வன. தோழியின் படத்தை அவள் அறியாமல் பிறர்க்கு அனுப்புவது அவற்றுள் முதன்மையானது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு கரையோரக் கிராமத்திலே, அவ்வாறு பரவிய ஒரு படம் ஒரு பெண்பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடக்கூடும். அனுப்பியவனுக்கு அது நொடிப்பொழுது விளையாட்டு. அவளுக்கோ ஆயுள் முழுவதும் ஆறாத காயம். கடலில் எறிந்த கல்லை மீட்டாலும் மீட்கலாம், இணையத்தில் எறிந்த படத்தை மீட்பது அரிது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் உணர வேண்டும்.

இரண்டாவது, மெய்யறியாச் செய்தியைப் பரப்புவது. 2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டிப் பகுதியில் கலவரம் மூண்டபோதும், 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், வதந்திகளைத் தடுக்கும் பொருட்டு அரசு சமூக வலைத்தளங்களைச் சில நாள்கள் முடக்கியது. கத்தோலிக்கரும் இந்துக்களும் இசுலாமியரும் அருகருகே வாழும் மன்னார்த் தீவிலே, ஒரு பொய்ச்செய்தி எத்துணைக் கேடு விளைக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கடல் கொந்தளிக்கும் என்றொரு வதந்தியும் அத்தகையதே. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாராது அதனைப் பரப்புபவன், ஒரு நாள் தொழிலைக் கெடுப்பதோடு, நாளை வரும் உண்மையான எச்சரிக்கையின் மதிப்பையும் கெடுத்துவிடுகிறான்.

மூன்றாவது, பிறர் உழைப்பைத் தன்னுடையதென்று காட்டுவது. இணையத்திலிருந்து பெயர்த்தெழுதுவது பழைய பழக்கம். 2022 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பரவிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், கட்டுரையை நொடியில் எழுதித் தருகின்றன. அவற்றைக் கேட்டு ஐயந் தெளிவது கல்வி. எழுதியதை வாங்கித் தன் பெயரிட்டுக் கொடுப்பது பொய். தோணியில் ஏறாமலே மீன் பங்கு கேட்பவனைப் பேசாலைக் கரை மதிக்குமோ?

இவற்றை எவ்வாறு கற்பிப்பது? கணினிக் கூடத்துச் சுவரிலே தடைகளின் பட்டியலை ஒட்டிவைப்பதனால் மட்டும் பயனில்லை. தகாத தளங்களைப் பூட்டிவைப்பதும் கூடத்தின் வாயில்வரை மட்டுமே காவலாகும். வாயிலுக்கு வெளியே பிள்ளைக்குக் காவல் அதன் நெஞ்சமே. ஆகவே வகுப்பிலே நிகழ்ச்சிகளை எடுத்துரைத்து மாணவரை வாதிக்கச் செய்தல் வேண்டும். இச்செய்தியை முதலிற் சொன்னவர் யார்? இதனால் யார் துன்புறுவர்? அவர் எதிரே நின்றால் இதனைச் சொல்லத் துணிவு வருமா? எதனையும் அனுப்புமுன் இம்மூன்று வினாக்களையும் தன்னைத் தானே கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், ஆசிரியர் பணியில் பெரும்பகுதி நிறைவேறியதாகும்.

பிழைபட்ட பிள்ளையும் பிழைக்கு இரையான பிள்ளையும் அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் ஒவ்வொரு பாடசாலையிலும் இருத்தல் வேண்டும். படத்தைக் காட்டி ஒருவன் மிரட்டுகிறான் என்று சொல்ல வரும் பிள்ளையை, அந்தப் படத்தை ஏன் எடுத்தாய் என்று முதலிலேயே கடிந்துகொண்டால், அது மறுமுறை வாய் திறவாது. அந்த மௌனமே மிரட்டுபவனுக்கு வலிமை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தை, வாய்ப்பாட்டைப் போலவே பிள்ளைகள் மனப்பாடம் செய்திருத்தல் நன்று.

தடுப்பது மட்டும் கல்வியாகாது. நல்வழியில் ஈடுபடுத்துவதே முழுமையான கல்வி. பேசாலை மாணவர் தம் ஊர் முதியோரை அணுகி, காற்றுகளின் பெயர்களையும் வலைகளின் வகைகளையும் அம்பாப் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்யலாம். பதியுமுன் அவர்தம் இசைவைப் பெறுவது முதற் பாடம். சொன்னவர் பெயரைச் சொல்லி வெளியிடுவது இரண்டாம் பாடம். அவர் வேண்டாம் என்றதை நீக்குவது மூன்றாம் பாடம். ஈழத்துத் தமிழ் ஏடுகளை 2005 ஆம் ஆண்டு முதல் இணையத்திலே சேர்த்துவைத்துவரும் நூலகம் என்னும் முயற்சி, தன்னலமற்ற கைகளிலே கணினி எத்துணை நன்மை செய்யும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது.

பெற்றோர்க்கும் இதிலே பங்குண்டு. தாம் ஆராயாது செய்தி பரப்பிக்கொண்டு, பிள்ளையை மட்டும் ஆராயச் சொன்னால் அது செவியேறாது. கடலின் ஒழுங்கைப் பேசாலைப் பிள்ளைகள் பெரியோரின் நடையிலிருந்தே கற்றனர். இணையத்தின் ஒழுங்கையும் அவ்வாறே கற்பர். கற்பிக்க வேண்டியவர்கள் முதலில் அவ்வொழுங்கிலே நடந்து காட்டுவார்களாக.