அண்டை வீட்டு ஓசை

வீட்டைச் சுற்றி மதில் எழுப்பலாம். கதவுக்குத் தாழ் இடலாம். சாளரத்துக்குத் திரை தொங்கவிடலாம். ஆனால் ஓசைக்கு மதிலும் இல்லை, தாழும் இல்லை. அடுத்த வீட்டு அடுப்பின் மணம் நம் வீட்டுக்குள் வருவது போலவே அவ்வீட்டு ஓசையும் வருகிறது. மணம் சிறிது நேரத்தில் கலைந்துவிடும். ஓசையோ, விளக்கை அணைத்துப் படுத்த பின்னும் தலைமாட்டில் வந்து நிற்கும். கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை.

இது எல்லா ஊருக்கும் பொதுவான தொல்லைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆயினும் மும்பையில் மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியில் கரோல்பாகிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழ்கின்ற நமக்கு இத்தொல்லையோடு மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. சொந்த ஊரில் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் நேர்ந்தால், இடையில் நின்று இரண்டு வார்த்தை சொல்ல ஒரு பெரியவர் இருப்பார். வெளி மாநிலத்தில் அவர் இல்லை. மொழியும் முழுவதும் கைவசமில்லை. ‘வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இவ்வளவு கோபமா!’ என்று சொல்லிவிடுவார்களோ என்னும் கூச்சத்தால் பல மாதம் பேசாதிருக்கிறோம். பிறகு ஒருநாள் இரவு பொறுமை அறுந்து, மாடிப்படியில் நின்று கூச்சலிடுகிறோம். அந்தக் கணத்தில், வானொலிப் பெட்டியின் சத்தத்தைப் பற்றிய பேச்சு மொழியையும் மாநிலத்தையும் பற்றிய சண்டையாக மாறிவிடுகிறது. ஓசை அடங்கிய பின்னும் அந்தச் சண்டை அடங்குவதில்லை. ஆகவே, எதுவரை பொறுப்பது, எப்போது பேசுவது, எப்போது போலீஸாரை அழைப்பது என்பதைக் கோபம் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

முதலில் நம் வீட்டு ஓசையைக் கவனிப்போம். இட்லிக்கு மாவரைக்கும் கிரைண்டர், விடியற்காலையில் சட்டினிக்கு ஓடும் மிக்ஸி, உரலில் இடிக்கும் மிளகு சீரகம், மாலையில் குழந்தை பழகும் மிருதங்கம், மார்கழி மாதத்துப் பஜனை ஆகிய இவையெல்லாம் நமக்கு இல்லத்தின் இன்னொலிகள். கீழ்த்தளத்தில் இருப்பவருக்கோ நம் தரையே கூரை. கிரைண்டரின் அதிர்வு காற்றின் வழியாக மட்டும் போவதில்லை. காங்கிரீட் தளத்தின் வழியாகவும் இறங்கி, கீழ்வீட்டுச் சுவரையே முழங்கச் செய்கிறது. அதன் அடியில் கனமான ரப்பர் விரிப்பு ஒன்றை இடுவதும், நாற்காலிக் கால்களுக்குத் துணியோ ரப்பரோ பொருத்துவதும், காலை 6 மணிக்கு முன் மாவரைக்காதிருப்பதும் பெரிய தியாகங்கள் அல்ல. நம்மைப் பற்றிப் பிறர் குறை சொல்வதற்கு இடமில்லாதபோதுதான் நாம் சொல்லும் குறைக்கு மதிப்பு உண்டாகும்.

அடுத்து, ஓசைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதை உணரவேண்டும். குழந்தையின் அழுகை, முதியவரின் இருமல், பாத்திரம் விழும் சத்தம் ஆகியவை வாழ்க்கையின் ஓசைகள். இவற்றுக்குப் பொறுமையே மருந்து. மும்பையில் கணபதி விழா, குஜராத்தில் நவராத்திரிக் கர்பா, கொல்கத்தாவில் துர்க்கா பூஜையின் முரசு, தில்லியில் கல்யாண ஊர்வலத்தின் பாண்டு, மேல்வீட்டில் நடக்கும் மராமத்து வேலை ஆகியவை காலவரம்புள்ள ஓசைகள். எந்த நாளில் முடியும் என்று கேட்டறிந்தாலே பாதித் துன்பம் குறைந்துவிடும். விழாவென்றால், ஒருநாள் சென்று கலந்துகொண்டு வந்தால் மீதியும் குறையும். மூன்றாவது வகைதான் வழக்குக்கு உரியது: நாள்தோறும் நள்ளிரவு வரை அலறும் ஒலிபெருக்கி, இரவில் சுவரைத் துளையிடும் யந்திரம், ஆளில்லாத வீட்டில் கட்டிவைக்கப்பட்டு விடிய விடியக் குரைக்கும் நாய், தெருவில் நின்று ஹாரன் அடித்து ஆளைக் கூப்பிடும் வண்டி. இவை பிறரைப் பற்றிய நினைவின்மையால் பிறக்கும் ஓசைகள்.

இம்மூன்றிலும் சேராத ஓசை ஒன்று உண்டு. அடிபடுகின்ற பெண்ணின் அலறலோ, வதைபடுகின்ற குழந்தையின் கதறலோ சுவருக்கு அப்பால் கேட்டால், அது ஓசைத் தகராறு அன்று. அங்கே சமாதானப் பேச்சுக்கும் நாள் பார்ப்பதற்கும் இடமில்லை. உடனே 112 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். பெண்களுக்கு உதவ 181 என்ற எண்ணும், குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற எண்ணும் இருக்கின்றன. ‘அடுத்த வீட்டு விவகாரம் நமக்கு எதற்கு?’ என்று கதவைச் சாத்திக்கொள்வது பண்பாகாது.

மூன்றாம் வகை ஓசைக்கு வருவோம். முதற்படி, நேரில் பேசுவது. நள்ளிரவில் சினம் பொங்கும்போது கதவைத் தட்டுவதைவிட, மறுநாள் மாலை ஓய்வான வேளையில் செல்வது நல்லது. நான்கு பேராகச் சென்றால் அது படையெடுப்பாகத் தோன்றும். ஒருவராகவோ, கணவனும் மனைவியுமாகவோ செல்லலாம். ‘நீங்கள் செய்வது தவறு’ என்று தொடங்குவதைவிட, ‘எங்கள் பெண்ணுக்குப் பரீட்சை நடக்கிறது’, ‘மாமியாருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை’ என்று நம் தேவையைச் சொல்லித் தொடங்கினால் கேட்பவர் மனம் இளகும். பல சமயங்களில், தம் வீட்டு ஓசை சுவரைத் தாண்டுகிறது என்பதே அவருக்குத் தெரிந்திராது.

அவர் மொழியில் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்திருப்பது பெருந்துணை. இந்தி பேசுமிடத்தில், ‘பாயி சாஹப், தோடா ஆவாஸ் கம் கர் தீஜியே’ எனலாம். மராத்தியில் ‘ஜரா ஆவாஜ் கமீ கரா’ என்பார்கள். வங்காளத்தில் ‘தாதா, ஏக்டு ஆஸ்தே’ என்றால் போதும். உறவுமுறை சொல்லி அழைப்பது நம் நாட்டில் எங்கும் செல்லும் நாணயம். மராத்தியில் அக்காளைத் ‘தாயி’ என்கிறார்கள். அச்சொல் நம் நாவுக்கும் புதியதன்று. இனியவை கூறலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அது தமிழில் பேசும்போது மட்டும் செல்லுபடியாகும் அறமன்று.

இருமுறை சொல்லியும் பயனில்லையெனில் இரண்டாம் படி. மும்பை போன்ற இடங்களில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கமும், தில்லி போன்ற இடங்களில் குடியிருப்போர் நலச் சங்கமும் இருக்கின்றன. அவற்றின் செயலாளருக்குக் கடிதம் எழுதி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளவேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லிவைப்பது நன்று. அன்று முதல் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தகைய ஓசை என்பவற்றை எழுதி வரவேண்டும். ‘தினமும் சத்தம்’ என்று சொல்வதற்கும், பதினைந்து நாளின் கணக்கைக் காட்டுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. கைத்தொலைபேசியில் ஓசையை அளந்தும் பார்க்கலாம். அது நமக்கு ஒரு குறிப்பாக உதவுமேயன்றி, அதிகாரிகளின் கருவிக்கு ஈடாகாது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம். 2000ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் ஓசை மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைப் பிறப்பித்தது. அவை இந்தியா முழுவதற்கும் பொது. ஆகவே, எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நமக்குள்ள உரிமை ஒன்றே. குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பது வரம்பு. இருவர் சாதாரணமாக உரையாடும் ஓசை ஏறத்தாழ 60 டெசிபல் எனக் கொண்டால், இரவு வரம்பு எவ்வளவு தாழ்ந்தது என்பது விளங்கும். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ முழங்கக் கூடாது. மூடிய மண்டபங்களுக்குள் உள்ளிருப்போர் கேட்பதற்கும், பொது ஆபத்துக் காலத்துக்கும் மட்டுமே விலக்கு. தனியார் வீட்டில் வைக்கும் ஒலிக்கருவி, அவ்வீட்டின் எல்லையில் அப்பகுதியின் வரம்பை 5 டெசிபலுக்கு மேல் மீறலாகாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிப்பதும், ஓசையெழுப்பும் கட்டட யந்திரங்களை இயக்குவதும் தடுக்கப்பட்டுள்ளன.

ஒரு விலக்கையும் மறக்கலாகாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், இரவு 12 மணி வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசாங்கம் அனுமதி தரலாம். எனவே, விழா நாளில் இரவு 11 மணிக்குப் புகார் சொல்லுமுன், அந்நாள் அனுமதிக்கப்பட்ட நாளா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

2005ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அமைதியாக வாழ்வது அரசியல் சாசனத்தின் 21ஆவது விதி காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று தெளிவாக்கியது. பேச ஒருவருக்கு உரிமை இருப்பது போலவே, கேட்க மறுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு என்பது அதன் சாரம்.

அப்படியானால் போலீஸாரை எப்போது அழைப்பது? மிரட்டலோ கைகலப்போ நேரும்போது உடனே அழைக்கவேண்டும். குடிபோதையில் இருக்கும் கூட்டத்தினிடம் நாமே சென்று நியாயம் பேசுவது அறிவுடைமையன்று, அங்கேயும் அழைக்கலாம். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி முழங்கி, அதை நடத்துபவர் நிறுத்த மறுத்தால் அழைக்கலாம். நேரிலும் சங்கத்தின் வழியாகவும் சொல்லியும் ஓயாத ஓசையாயின், குறிப்புப் புத்தகத்தோடு பகலில் காவல் நிலையம் சென்று எழுத்து மூலம் புகார் தந்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கவேண்டும். குழந்தை ஓடுகிறது, தாளிக்கும் சத்தம் கேட்கிறது என்பவற்றுக்கெல்லாம் போலீஸாரை அழைப்பது, நாளை உண்மையான துன்பம் வரும்போது நம் சொல்லின் எடையைக் குறைத்துவிடும்.

112இல் பேசும்போது சுருக்கமே சிறப்பு. தெருப்பெயர், கட்டடம், மாடி, என்ன ஓசை, எப்போதிலிருந்து, முன்பு சொல்லிப் பார்த்தோமா என்பவற்றை அவ்வூர் மொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ முன்னதாகவே தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பதற்றத்தில் வாய் குழறாது. புகார் செய்தவர் யாரென்று தெரிந்தால் பகை வருமே என்று அஞ்சுவோர் பலர். வழிபாட்டிடங்களின் ஒலிபெருக்கிகளைப் பற்றிய வழக்கில், 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம், புகார் தந்தவரின் அடையாளத்தைத் தேடாமலே நடவடிக்கை எடுக்குமாறு போலீஸாரைப் பணித்தது. பிற இடங்களிலும் நம் பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

போலீஸாரால் ஆவது எது, ஆகாதது எது என்பதையும் அறிந்திருந்தால் ஏமாற்றம் இராது. பொதுத் தொல்லை என்பது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையில் 292ஆம் பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய் வரை போகலாம். ஆயினும் இது நீதிபதியின் உத்தரவின்றிப் போலீஸார் தாமே கைதுசெய்யக்கூடிய குற்றமன்று. அவர்கள் வந்து எச்சரிப்பதே பெரும்பாலும் பயன் தரும். தெருவார் பலருக்கும் தொல்லையாயின், நிர்வாக நீதிபதியிடம் அதை அகற்றும் உத்தரவு கோரலாம். ஒரு வீட்டுக்கு மட்டும் நேரும் தொல்லையாயின், சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்பதே வழி. 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தாரிடம் ஆலோசனை கேட்கலாம்.

செய்யத் தகாதவையும் சில உண்டு. பதிலுக்கு நம் பெட்டியை உரக்க வைப்பது, அவர் வீட்டு மின்சாரத்தைத் துண்டிப்பது, அவருடைய சாதியையோ சமயத்தையோ மாநிலத்தையோ இழுத்துப் பேசுவது ஆகியவை நம் நியாயத்தை நாமே கெடுத்துக்கொள்வதாகும். புகார் ஓசையின்மேல்தான், மனிதர்மேல் அன்று.

போலீஸார் வந்து சென்ற மறுநாள் காலை அவரை மாடிப்படியில் சந்திப்போம். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் வணக்கம் சொல்லிவிட வேண்டும். நம்முடைய உறவினர் ரயிலில் இரண்டு நாள் பயணத் தொலைவில் இருக்கிறார்கள். நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், தண்ணீர்க் குழாய் உடைந்தால், குழந்தை பள்ளியிலிருந்து திரும்பும்போது வீடு பூட்டியிருந்தால், நாம் தட்டப்போவது அந்த அடுத்த வீட்டுக் கதவைத்தான். இரவில் நிம்மதியாக உறங்குவதும் நம் உரிமை. அந்தக் கதவு நமக்குத் திறந்தே இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.