தவணைக் காரும் தொழிலாளியின் சம்பளமும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் சம்பள உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. கைக்கு வந்த சம்பளம் எந்த வழியாக வெளியே போகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன்.

நம் குடும்பங்கள் கார் வாங்குவதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு எதில் போவது? கார் வேண்டியதுதான். ஆனால், கணக்குப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குத்தகை வேறு, வாடகைக் கொள்முதல் வேறு. குத்தகையில் தவணை முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் செய்வது வாடகைக் கொள்முதல். கடைசித் தவணையைக் கட்டும்வரை வண்டி நமக்குச் சொந்தமன்று. மலேசியாவில் இதற்கென்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

கடைக்குப் போனதும் விற்பவர், “அண்ணே, மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று கேட்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். 450 வெள்ளி என்று நீங்கள் சொன்னால், காலத்தை இழுத்து நீட்டி அந்தத் தொகையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

கணக்கைக் கேளுங்கள். காரின் ரொக்க விலை 40,000 வெள்ளி. பத்தில் ஒரு பங்கு முன்பணம் 4,000 போகக் கடன் 36,000. வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு, முழுத் தொகைக்கும். ஐந்து ஆண்டென்றால் வட்டி 7,200. மாதம் 720 வெள்ளி. ஒன்பது ஆண்டென்றால் மாதம் 453 வெள்ளிதான். ஆனால் வட்டி 12,960! மாதத் தவணை குறைந்தது என்று மகிழ்ந்தவர் 5,760 வெள்ளியை அதிகமாகக் கொடுக்கிறார்.

அந்த 4 விழுக்காடும் உண்மையான 4 அன்று. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முழு 36,000க்கும் போட்டிருக்கிறார்கள். ஐந்தாண்டுக் கடனில் அதன் உண்மை வட்டி ஏழரை விழுக்காட்டை நெருங்கும். ஆகவே, “நிலை வட்டி எவ்வளவு, உண்மை வட்டி எவ்வளவு?” என்று இரண்டையும் கேளுங்கள்.

பேரம் எப்படிப் பேசுவது? 1954இல் தனித்தனிச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்ததே, ஏன்? தனியாக, வெறுங்கையோடு போனவன் பேச்சு எடுபடவில்லை என்பதால்தானே! கார்க் கடைக்கும் தனியாகப் போகாதீர்கள். கணக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். மூன்று கடைகளில் விலையை எழுதி வாங்குங்கள். முதலில் ரொக்க விலையை முடியுங்கள். அதன் பிறகே தவணையைப் பேசுங்கள். தரைவிரிப்பும் கண்ணாடிக்குக் கறுப்புத் தாளும் இலவசம் என்றால் மயங்க வேண்டாம். விலையில் 2,000 வெள்ளி குறைத்தால், அதே முன்பணத்துக்கு ஐந்தாண்டில் வட்டியோடு 2,400 வெள்ளி மிச்சம்.

கையெழுத்துக்கு முன்பே விலை, முன்பணம், வட்டி, மொத்தத் தொகை எல்லாவற்றையும் எழுதி நம்மிடம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னுமொன்று. நல்ல மாதச் சம்பளத்தை வைத்துத் தவணையை நிர்ணயிக்காதீர்கள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. இலையுதிர் காலத்தில் பால் குறையும். தவணைக்கு மழையும் தெரியாது, இலையுதிர் காலமும் தெரியாது. ஆண்டிலேயே மிகக் குறைந்த சம்பளச் சிட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

தோழர்களே, இதையெல்லாம் நான் புத்திசாலி என்பதால் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணன் ஒருவர் ஒன்பதாண்டுத் தவணையில் கார் எடுத்தார். மழைக்காலத்தில் தொடர்ந்து இரண்டு தவணை தவறிவிட்டது. அப்படித் தவறினாலும் 21 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பாமல் வண்டியை இழுக்கக் கூடாது. மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவே வேண்டும். அறிவிப்பு வந்தது. தோட்டத்துக் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தானே வரும்! பதிவுத் தபாலுக்குக் கையெழுத்திட்டு வாங்கியவன் நான். மாதக் கடைசிக் கணக்கில் அது என் மேசையில் பேரேட்டுக்கு அடியில் போய்விட்டது. அவர் கைக்குக் கொடுத்தபோது இரண்டே நாள் பாக்கி. பணம் புரட்ட முடியவில்லை. காரை இழுத்துக்கொண்டு போனார்கள். அதை விற்ற பணமும் கடனுக்குப் போதாமல், மிச்சத்தைக் கேட்டு மறுபடியும் கடிதம் வந்தது.

அந்த அண்ணன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. “கிராணியாருக்கு வேலை அதிகம்” என்றார். அந்தச் சொல் இன்றுவரை என்னைச் சுடுகிறது.

அன்று முதல் பதிவுத் தபால் வந்தால் அன்றைக்கே ஆளின் கையில் சேர்த்துவிடுகின்றேன். இங்கே வந்திருக்கும் கிராணிமாரும் அப்படியே செய்ய வேண்டுகின்றேன். தொழிலாளத் தோழர்களே, நீங்களும் கடிதத்தைப் பயந்து மூடி வைக்காதீர்கள்; பிரித்து, சங்கத்திற்குக் கொண்டு வாருங்கள். 21 நாளில் செய்யக்கூடியது நிறைய உண்டு. இரண்டு நாளில் ஒன்றுமில்லை.