பூட்டிய கோவிலும் மணிச் சத்தமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விடுதிச் சாம்பாரைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று நம்பி வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "கொரோனா காலத்துல உங்க சபைய எப்படிங்க நடத்துனீங்க? அதச் சொல்லுங்க, பசங்களும் கேக்கட்டும்" என்றார். நான் போதகன் அல்ல. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போத்தனூரில் எங்கள் சபையின் குருசேகரக் குழுவுக்கு அந்த இரண்டு வருஷமும் செயலராக இருந்தேன். அதுதான் எனக்குள்ள ஒரே தகுதி.

போத்தனூர்க்காரர்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. மெட்ராஸிலிருந்து பேப்பூருக்குப் போட்ட பாதை 1862லேயே எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. கோயமுத்தூருக்கே எங்களிடமிருந்து கிளைப்பாதையாகத்தான் பின்னால் ரயில் போனது என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். எந்த வண்டி போகிறது என்று சத்தத்தை வைத்தே மணி சொல்வோம். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. அன்று இரவோடு பயணிகள் ரயில்கள் நின்றன. மறுநாள் காலை ஊரே செத்துப்போன மாதிரி இருந்தது. நாங்கள் கடைசியாகச் சேர்ந்து ஆராதித்தது அதற்கு முந்தின ஞாயிறு. அன்றைக்குக்கூட, வாசலில் கை கொடுக்கலாமா, கும்பிட்டால் போதுமா என்று சிரித்துக்கொண்டுதான் பேசிக்கொண்டோம்.

அது லெந்து காலம். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கு ஒன்று சொல்லணும்: வருஷம் பூரா கோவில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கூட அந்த மூன்று நாளும் வந்துவிடுவார். அதனால் குழுவில் பெரிய வாக்குவாதம். ஜூமில்தான் கூட்டம், பாதிப்பேர் முகம் தெரியவில்லை, மீதிப்பேர் குரல் கேட்கவில்லை. ஒரு பெரியவர், "ஈஸ்டர் விடியக்காலம் நாலு மணிக்குப் பின்வாசலைத் திறந்துவிடுங்க. இருபது பேர் வந்துட்டுப் போறோம். யாருக்குத் தெரியும்? ரோமர் காலத்துல ஒளிஞ்சு ஒளிஞ்சுதானே கும்பிட்டாங்க" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆயர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரோமர் காலத்துல ஒளிஞ்சவங்க தங்க உயிரப் பணயம் வச்சாங்க. நாம வைக்கிறது பக்கத்து வீட்டுக்காரன் உயிர" என்றார். அதோடு பேச்சு நின்றது.

அப்புறம் ஒருநாள் அவர் ஈயம் என்ற ஊரின் கதையைச் சொன்னார். இங்கிலாந்தில் ஒரு மலைக்கிராமம். 1665ல் லண்டனிலிருந்து ஒரு தையல்காரருக்கு வந்த துணிமூட்டையோடு பிளேக் வந்தது என்பார்கள். அங்கிருந்த குருவானவர் வில்லியம் மாம்பசன், அவருக்கு முன் குருவாக இருந்து விலக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியோடு சேர்ந்து, 1666ல் ஊர் ஜனங்களை ஒப்புக்கொள்ள வைத்தார்: யாரும் ஊரைவிட்டு வெளியே போவதில்லை, நோயைப் பக்கத்து ஊர்களுக்குக் கொடுப்பதில்லை. கோவிலைப் பூட்டினார்கள். ஒரு பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாகத் தள்ளித்தள்ளி நின்று ஆராதித்தார்கள். எல்லைக் கல்லில் காடி ஊற்றிய குழிக்குள் காசைப் போட்டுவிட்டு, வெளியூர்க்காரர் வைத்துவிட்டுப் போன சாமானை எடுத்துக்கொண்டார்கள். நம் சானிடைசருக்கு முப்பாட்டன் அந்தக் காடி! சுமார் 260 பேர் இறந்தார்கள். மாம்பசனின் மனைவி கேத்தரினும் இறந்தார். கோவிலைப் பூட்டுவது விசுவாசக் குறைவு என்று எங்களிடம் சொன்னவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் நான் சொன்னேன்.

நம் ஊருக்கும் இதெல்லாம் புதிதில்லை. கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோவில்கள் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முந்தைய பயம் அங்கே சாமியாக உட்கார்ந்திருக்கிறது. 1918ன் இன்ஃப்ளூயன்சா பம்பாயில் இறங்கி ரயில் பாதை வழியாகவே தேசமெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் மாண்டார்கள். எங்களுக்குச் சோறு போட்ட தண்டவாளம்தான் அதையும் சுமந்துகொண்டு போனது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் யூட்யூபில் ஆராதனையை ஏற்பாடு செய்தார்கள். பாட்டுப் புத்தக அடுக்கின்மேல் ஒரு செல்போன், அதன் எதிரே ஆயர், கீபோர்டுக்கு அவர் மகள். பலிபீடத்துக்குப் பின்னால் ஒரு பூனை அடிக்கடி தரிசனம் தந்தது. ஈஸ்டர் அன்று வழக்கமாகக் கோவிலுக்கு வருவோரைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். துபாயிலிருந்தும் பெர்த்திலிருந்தும், இங்கே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களெல்லாம் பார்த்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையில், "நம் சபை உலகளாவிய சபையாகிவிட்டது" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மே மாதத் தொடக்கத்தில் அரிசிப் பை கொடுக்கச் செட்டிபாளையம் ரோட்டுப் பக்கம் போனேன். எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி, தனியாக இருப்பவர். வெள்ளைப் புடவை கட்டி, மடியில் பாமாலைப் புத்தகத்தோடு திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. "என்னம்மா, ஆராதனை பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "எங்க தம்பி பாக்கறது? ஆறு வாரமா மணியே அடிக்கல. ரயிலும் ஓடல. கோவில எடுத்துட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார். கையில் இருந்தது பட்டன் போன். மாதாமாதம் முதல் வாரமே சங்கம் கட்டிவிடும் அம்மா அவர். ஆறு வாரமாக அவரை ஒருத்தரும் கூப்பிடவில்லை. உறுப்பினர் பட்டியல் என் மேஜைமேல்தான் இருந்தது. செயலர் நான்தான்.

மணியை நிறுத்தியதும் என் யோசனைதான். அடித்தால் ஜனம் கூடிவிடும், போலீஸ் கேட்கும் என்று பயந்தேன். மறு ஞாயிறிலிருந்து கோவில்பிள்ளை ஒருவரே உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு மணி அடித்தார். யாரும் கூடவில்லை. வீட்டு வாசல்களில் நின்றார்கள், அவ்வளவே. ஸ்டேஷனில் அப்போது வேலையிலிருந்த இந்து நண்பர் ஒருவர், "நல்லவேளைங்க, ஏதோ ஒரு சத்தமாவது கேட்டுதே" என்றார்.

பட்டியலை எடுத்து உட்கார்ந்தோம். பட்டன் போன்காரர்கள் முப்பதுக்கும் மேல். ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியையம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். யூட்யூப் வேண்டாம், சாதாரண கான்ஃபரன்ஸ் கால் போதும்! ஒரு நேரத்தில் ஐந்து பேரைச் சேர்த்து ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், அப்புறம் "சாப்பிட்டீங்களா, மாத்திரை இருக்கா?" பத்து நிமிஷம். அது முடிந்ததும் அடுத்த ஐந்து பேர். சாயந்தரம் ஆறரையிலிருந்து எட்டு வரை அவர் வீட்டில் யாரும் டிவி போட முடியாது. யார் வீட்டில் ரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்தது, யார் மகன் சம்பளமில்லாமல் இருக்கிறான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். ஆயரின் பிரசங்கத்தில் அல்ல. ஆயர் கோவித்துக்கொள்ளமாட்டார், அவரே ஒத்துக்கொண்ட விஷயம்.

சாப்பாட்டு விஷயத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத்தான் பெயர் போகணும். பிடியரிசி என்று ஒரு பழைய வழக்கம்: உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடி எடுத்துக் கடவுளுக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். எங்கள் சபையில் அது வழக்கொழிந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் நடுவில் தொண்டு நிறுவனங்கள் நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது என்று அரசு சொன்னது. பிறகு நீதிமன்றம் தலையிட்டு, முன்கூட்டித் தெரிவித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றது. மே மாதத்தில் வடநாட்டுத் தொழிலாளர்கள் கோவையிலிருந்து சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பியபோது, அந்தப் பிடியரிசியில் வெந்த தக்காளிச் சோறு சிலருக்குப் பொட்டலமாகப் போனது.

பணம்? அதையும் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். காணிக்கைப் பை சுற்றாத மூன்று மாதத்தில் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை. கோவில்பிள்ளைக்கு ஒரு மாதச் சம்பளம் பாதிதான் கொடுத்தோம். வேண்டாமென்று ஆயர் தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்தும் போதவில்லை. பெயிண்டுக்கென்று ஒதுக்கியிருந்த நிதியை உடைத்த பிறகுதான் மீதியைக் கொடுத்தோம். அந்த நிதியை முதலிலேயே உடைத்திருக்க வேண்டும்.

திருவிருந்துதான் பெரிய சிக்கல். அவரவர் வீட்டில் ரொட்டியும் திராட்சை ரசமும் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்து எடுக்கலாமா? சில சபைகள் எடுத்தார்கள். எங்கள் ஆயர், "பசியோட இருப்போம், சேர்ந்து சாப்பிடுவோம்" என்றார். அதில் எனக்கு இன்றைக்கும் முழு சம்மதமில்லை. படுக்கையில் கிடந்த இருவர் அந்தப் பசியோடேயே போய்ச் சேர்ந்தார்கள். 2020 செப்டம்பர் 1ம் தேதி தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறந்தன. தனித்தனிச் சின்னக் கிண்ணங்களில் அந்த மாதம் எடுத்த திருவிருந்தில் பாடக் குரல் வந்தவர்கள் குறைவு. முகக்கவசம் காரணமில்லை.

2021ன் இரண்டாம் அலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஏப்ரல் 26லிருந்து கோவில்கள் மறுபடி மூடப்பட்டன. மே கடைசியில் கோவை மாவட்டத்தின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. அந்த மாதம்தான் எங்கள் கோவில்பிள்ளை போனார். கல்லறைத் தோட்டத்தில் ஆயர், அவர் மகன், நான். தூக்கி வந்து இறக்கியவர்கள் பாதுகாப்பு உடை போட்ட நான்கு முஸ்லிம் இளைஞர்கள். கோவையில் அந்த நாட்களில் மதம் பார்க்காமல் அடக்கம் செய்த தன்னார்வலர்கள் பலர் அவர்களைப் போன்றவர்கள்தான். 2020ல் சென்னையில் ஒரு டாக்டரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்கள். அதற்குப் பிறகு அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கி அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது. எங்களுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. ஜெபம் முடியும்வரை அந்தப் பையன்கள் வெயிலில் அந்த உடையோடே நின்றார்கள்.

திரும்பி வந்து சாவு மணியை நான் அடித்தேன். முப்பது வருஷமாக அவர் அடிப்பதைக் கேட்டவன். கயிறு என் கையில் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் செட்டிபாளையம் ரோட்டுப் பாட்டியிடமிருந்து போன்: "மணி வேற மாதிரி அடிக்குதே தம்பி, அவனுக்கு ஒடம்புக்கு என்ன?" என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

ஜூலை 5ல் திறந்தார்கள். ஆகஸ்டிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களுக்குத் தடை. மற்ற நாளெல்லாம் கோவில் திறந்திருக்கலாம், ஞாயிறு மட்டும் கூடாது! வியாழக்கிழமை சாயந்தரம் ஆராதனை வைத்தோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒன்று, "அப்ப இது வேலைநாள் பள்ளியா அங்கிள்?" என்று கேட்டது. அக்டோபர் 14ல்தான் அந்தத் தடை நீங்கியது. 2022 ஜனவரியில் சில வாரம் மறுபடி அதே தடை, அதோடு ஞாயிறு முழு ஊரடங்கு.

எல்லாரும் திரும்பி வந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. சில குடும்பங்கள் யூட்யூபிலேயே தங்கிவிட்டன. காபி குடித்துக்கொண்டே பிரசங்கம் கேட்பது சுகம்தானே. சிலர் அந்தக் காலத்தில் யாரும் தங்களை விசாரிக்கவில்லை என்ற கோபத்தில் வராமலே போனார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. நான் நாலைந்து வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை.

ஆசிரியையம்மாவின் ஆறரை மணிப் போன் இன்றைக்கும் நடக்கிறது. பட்டியல் குறைந்திருக்கிறது, புதிதாகச் சிலர் சேர்ந்தும் இருக்கிறார்கள். எனக்கும் அதில் ஒரு ஐந்து பேர். மணி இப்போதே ஐந்தரை ஆகிவிட்டது. போத்தனூர் போய்ச் சேர பஸ் பிடிக்கணும்.