ரசவாதியின் பச்சிலையும் ரசாயனியின் கரும்புச் சோகையும்



பச்சிலைச் சாற்றால் கல்லைக் கரைத்துத் தங்கம் எடுத்துத் தருவதாகச் சொல்லிவரும் ரசவாதிக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சமில்லை. அவனை நம்பித் தாலியைக் கழற்றிக் கொடுத்துக் கெட்ட குடும்பங்கள் எத்தனை! ஆனால், செடியைக் கொண்டு கல்லைக் கரைப்பது மெய்யாகவே நடக்கக்கூடிய காரியந்தான் என்று நான் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள்.

பாகூரிலும் வில்லியனூரிலும் கரும்பு வெட்டினபின் சோகையைக் கொளுத்துகிறோமே, அந்தச் சோகையிலும், சக்கையிலும், வைக்கோலிலும் சர்க்கரை இருக்கிறது. அது சங்கிலிபோல் கோத்து நாராக இருப்பதால் நாவுக்கு இனிப்பதில்லை. கந்தகத் திராவகத்தில் பக்குவமாகக் காய்ச்சினால் சங்கிலி அறுந்து சர்க்கரை பிரிகிறது. 1819இலேயே பிரெஞ்சு நாட்டு ஆன்ரி பிராக்கோனோ கந்தைத் துணியிலிருந்து இப்படிச் சர்க்கரை எடுத்துக் காட்டிவிட்டார்.

இனிக் கல்லுக்கு வருவோம். டார்ச் விளக்கின் சாதாரண பாட்டரிக்குள் உள்ள கறுப்புப் பொடியில் முக்கியமானது மாங்கனீஸ் டை ஆக்சைடு. மகாராஷ்டிரத்து டோங்ரி புசர்க் சுரங்கத்தில் இந்தக் கல் கிடைக்கிறது. கந்தகத் திராவகத்தில் மட்டும் போட்டால் இது எளிதில் கரையாது. இதிலுள்ள பிராணவாயுவில் ஒரு பகுதியைப் பறித்தாக வேண்டும். அதற்குக் கரியோடு சேர்த்துச் சூளையில் வறுப்பது பழைய வழி. திராவகத்தோடு சோகைச் சர்க்கரையைச் சேர்த்தாலோ, கொதிநிலைக்குக் கீழான சூட்டிலேயே சர்க்கரை பிராணவாயுவை வாங்கிக்கொண்டு கரியமில வாயுவாய்ப் போகிறது. மாங்கனீஸ் கரைந்து வருகிறது. ரசாயனக் கணக்குப்படி 1 கிலோ சர்க்கரை சுமார் 5.8 கிலோ மாங்கனீஸ் டை ஆக்சைடைக் கரைக்கும்.

இதில் மந்திரம் எங்கே? நல்ல நேரம் எங்கே? ரசவாதி மூலிகையின் பேரைக்கூடச் சொல்லமாட்டான். ரசாயனியோ எடையையும் சூட்டையும் எழுதிவைக்கிறான். எவர் செய்தாலும் பலிக்கவேண்டும்; பலிக்காவிட்டால் பொய்யென்று சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. மேலும், கல்லில் இல்லாத உலோகத்தை அவன் எடுத்துத் தருவதில்லை. மாங்கனீஸ் ஒருநாளும் தங்கமாகாது.

இதை அடுப்பங்கரையில் செய்து பார்க்கக் கூடாது. திராவகம் கண்ணைப் பறிக்கும். அதன் கழிவைச் சுண்ணாம்பிட்டு முறிக்காமல் வாய்க்காலில் விட்டால் வயல் கெடும்.

ஆகவே தோழர்களே, நாளைக்கு எவனாவது பச்சிலையோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், “எவ்வளவு கல், எவ்வளவு சாறு, எவ்வளவு உலோகம்? எங்கள் கண்முன் நிறுத்துக் காட்டு” என்று கேளுங்கள். தராசைக் கண்டு ஓடுகிறவனிடம் தாலியைக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.