வங்கிப் பணிக்கு மேற்பட்டம் வேண்டுமா?

(சோழபுரத்தில் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் கல்லூரிக்குச் சென்று வரும் நம் இளைஞர்கள் சிலர் அண்மையில் எம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். "ஐரோப்பாவில் முதலீட்டு வங்கிப் பணியில் சேர முதுகலைப் பட்டம் கட்டாயமா?" என்பதே அவ்வினா. மில்லில் இரவு முறை பார்க்கும் தந்தையின் மகன் இவ்வாறு கேட்பது நமக்குப் பெருமையே. எனினும் அவ்வினாவுக்குள் மற்றொரு வினாவும் அடங்கியிருக்கிறது. இன்னும் இரண்டாண்டு படிப்பை நம் வீடு தாங்குமா என்பதே அது. இரண்டுக்கும் சேர்த்தே விடை காண்போம்.

முதலீட்டு வங்கி என்பது நம் ஊர்க் கடைத்தெருவில் காணும் வங்கி போன்றதன்று. பெரிய நிறுவனங்கள் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வெளியிட்டு முதல் திரட்டவும், ஒரு நிறுவனம் மற்றொன்றை வாங்கவும் ஆலோசனை கூறிக் கட்டணம் பெறுவதே அதன் முதன்மைத் தொழில். நம் நாட்டில் பாரத ஸ்டேட் வங்கி இதற்கெனவே 1986-ஆம் ஆண்டில் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கியது.

ஐரோப்பா முழுவதற்கும் விடை ஒன்றன்று. இலண்டன் மாநகரில் மூன்றாண்டு இளங்கலை முடித்தவர்களையே வங்கிகள் தொடக்க நிலைப் பணிக்குச் சேர்த்துக்கொள்கின்றன. பாரிசு, பிராங்பர்ட்டு போன்ற நகரங்களிலோ முதுகலைப் பட்டமே வழக்கம். அங்கெல்லாம் முன்பு ஐந்தாண்டு அளவிலான நீண்ட படிப்பே முழுப் படிப்பாகக் கருதப்பட்டது. 1999-ஆம் ஆண்டின் பொலோனா உடன்பாட்டுக்குப் பின் அது இளங்கலை, முதுகலை எனப் பிரிந்தது. ஆயினும் வேலை கொடுப்போரின் பழைய கணக்கு மாறிவிடவில்லை.

அப்படியானால் இலண்டனுக்கு நம் இளங்கலை போதுமே என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். அங்கு வேலைக்கான வாயில் பெரும்பாலும் இறுதியாண்டுக்கு முந்தைய கோடை விடுமுறைப் பயிற்சியில் திறக்கிறது. அப்பயிற்சிக்கு அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில்வோரே பெரிதும் சேர்க்கப்படுகின்றனர். ஆகவே அயல்நாட்டு முதுகலை என்பது அப்பணியின் சட்டமன்று. வெளியிலிருந்து வருவோர் உள்ளே நுழையும் பாதை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு உறவினரும் நண்பரும் செய்து கொடுக்கும் அறிமுகத்தை, நம் பிள்ளைக்குப் பட்டம்தான் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. "பட்டம் எதற்கு, திறமை போதும்" என்னும் அறிவுரையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

இனி நம் நாட்டு நிலை. பொதுத்துறை வங்கிகளின் அதிகாரித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் போதும். வயது வரம்பு 30; பட்டியல் இனத்தாருக்கு மேலும் 5 ஆண்டு சலுகை உண்டு. பட்டயக் கணக்காளர் படிப்புக்கோ, மேல்நிலைப் பள்ளி முடித்தவுடனேயே அடிப்படைத் தேர்வு எழுதலாம். ஆயினும் நம் நாட்டு முதலீட்டு வங்கிகள் மேலாண்மை முதுகலை பெற்றவரையும் பட்டயக் கணக்காளரையுமே பெரிதும் நாடுகின்றன. இந்திய மேலாண்மைக் கழகங்களில் பட்டியல் இனத்தாருக்கு 15 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

இவ்விடத்தில் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையை நினைவுகூர்வோம். அவரை நாம் சட்ட மேதையாகவே போற்றுகிறோம். அவர் நாணயத் துறையின் பேரறிஞரும் ஆவார். 1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையோடு கொலம்பியா பல்கலைக்கழகம் சென்று 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916-இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அவர் மனம் தளரவில்லை. 1918-இல் பம்பாய் சிடன்காம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியும் நண்பரின் கடனும் சேர, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921-இல் எம்.எஸ்.சி., 1923-இல் டி.எஸ்.சி. பட்டங்களைப் பெற்றார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவரது ஆய்வு அவ்வாண்டே நூலாயிற்று. 1925-இல் இந்திய நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் அவர் சாட்சியமளித்தார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? அவர் மேற்படிப்பைக் கைவிடவில்லை. அதே நேரத்தில் பணியாற்றிச் சேமித்து, உதவியைத் தேடிப் பெற்று, மீண்டும் சென்று முடித்தார். பட்டம் அவருக்குக் குறிக்கோளை நோக்கிய படியாயிற்று. நம்மில் சிலருக்கோ அது வேலையில்லாக் காலத்தை ஓட்டும் திண்ணையாகிவிடுகிறது. எதற்கென்று தெரியாமல் இரண்டாம் பட்டம் பெற்று, தேர்வு எழுதும் வயதையும் கடந்துவிட்டு நிற்கும் தம்பியரைக் காணும்போது நெஞ்சம் வேகிறது.

எனவே இளைஞர்களே, இளங்கலையின் இறுதியாண்டிலேயே வங்கித் தேர்வுக்குப் பயிலத் தொடங்குங்கள். வேலை கிடைத்தால் சேருங்கள். அயல்நாட்டு ஆசை இருப்பின் அதனை அணைத்துவிடாதீர்கள். பட்டியல் இன மாணவர்க்கு முதுகலைக்கும் ஆய்வுப் பட்டத்துக்கும் நடுவண் அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சத்துக்கு மிகாதோர், 35 வயதுக்குட்பட்டோர், முந்தைய பட்டத்தில் 60 விழுக்காடு பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு அரசும் அண்ணலின் பெயரால் அயலக உயர்கல்வி உதவி வழங்குகிறது. அந்த 60 விழுக்காட்டை இன்றே மனத்தில் இருத்துங்கள். உதவித்தொகை கைக்கு வருமுன் வீட்டை அடகு வைத்துப் புறப்படாதீர்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்பிப்புக் கட்டணம் இல்லை; எனினும் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்னரே காட்டியாக வேண்டும்.

பெற்றோர்களே, பெண் மக்களுக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. திருமணப் பேச்சால் அதனை அடைத்துவிடாதீர்கள். பணியில் உள்ள நம்மவர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. கழக நூலகத்தில் ஓர் ஏடு வைத்துத் தேர்வு நாள்களையும் உதவித்தொகை அறிவிப்புகளையும் தவறாது எழுதி வாருங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் ஒரு பிள்ளையும் வாய்ப்பை இழந்தது என்ற சொல் இனி நம் ஊரில் எழக்கூடாது. நமக்கு அறிமுகம் செய்து வைக்க எவரும் இலர் என்ற குறையை, நாமே ஒருவருக்கொருவர் அறிமுகமாகித் தீர்ப்போம்.

கழகம் பொன்விழாக் காணும் நாளில், இதே மேடையில் நம் ஊர் வங்கி அதிகாரி ஒருவர் நின்று பேசட்டும். அவர் இன்று இங்கே தரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் சிறுமியாகவும் இருக்கலாம்.