உருகிக் காக்கும் கம்பி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையும் இலக்கியமும் முழங்க வேண்டிய இம்மேடையில், மின்சாரப் பெட்டிக்குள் ஒளிந்து கிடக்கும் பியூஸ் கட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது என்ன பொருத்தம் என்று சிலர் நகைக்கக் கூடும். ஆயினும் இத்தலைப்பை நாம் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. அதனை மறைக்காமல் முதலிலேயே கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே சங்கத்தின் விழா நாளன்று, மேடை விளக்குகள் மும்முறை அணைந்தன. 1000 வாட் விளக்குகள் நான்கு, காப்பிக்கு வெந்நீர் காய்ச்சும் 3000 வாட் பாய்லர் ஒன்று, ஆக 7000 வாட் சுமையையும் ஒரே நீட்டிப்பு ஒயரின் வழியாக ஒரே பிளக்கிலிருந்து எடுத்திருந்தோம். 230 வோல்ட்டில் இது 30 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம். அந்தப் பிளக்குக்கு உரியதோ 15 ஆம்பியர்தான். ஒவ்வொரு முறையும் பியூஸ் கம்பி உருகித் தன் கடமையைச் செய்தது. நாம்தான் நமது கடமையைச் செய்யவில்லை. விழா தடைப்படலாகாது என்னும் அவசரத்தில், பழைய ஒயர் ஒன்றின் செம்பிழைகளை மொத்தமாக முறுக்கிக் கட்டையில் பூட்டினோம். விளக்கு மீண்டும் அணையவில்லை. ‘இனிக் கவலையில்லை’ என்று கைதட்டியவர்களில் நாமும் ஒருவர்.

குழந்தைகளின் கோலாட்டம் நடந்துகொண்டிருக்கையில், திரைக்குப் பின்னால் சுருட்டிப் போட்டிருந்த நீட்டிப்பு ஒயர் கொதித்து, அதன் உறை உருகி, திரையின் அடிப்பாகம் புகையத் தொடங்கியது. மேடைக்கருகில் நின்ற ஒரு தாயார், கருகல் நாற்றத்தை உணர்ந்து, கூச்சலிடாமல் குழந்தைகளைக் கைகோத்து வரிசையாக வெளியே அழைத்துச் சென்றார். மற்றொருவர் ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். இறைவன் அருளால் ஒரு திரையோடு போயிற்று. பின்னர்ப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். நாம் முறுக்கிப் பூட்டிய செம்பு கருக்கழியாமல் பளபளவென்று இருந்தது! காவலன் உறங்க வீடு எரிந்த கதை அது. அவனை உறங்க வைத்தவர்கள் நாமே.

அன்று முதல் இந்தப் பியூஸ் என்னும் பொருளை அறிந்துகொள்ள விரும்பினோம். அறிந்தவற்றுள் சிலவற்றை இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

மின்சாரம் ஓடும் கம்பி சூடேறும் என்பது யாவரும் அறிந்ததே. சுவருக்குள் ஓடும் நீண்ட கம்பி, தாங்கக் கூடியதற்கு மேல் சூடேறினால் கேடு விளையும். ஆதலின் அதன் வழியிலேயே, அதனினும் மெலிந்த ஒரு துண்டுக் கம்பியை வேண்டுமென்றே வைத்துவிடுவது. அளவு மீறினால் அந்த மெலிந்தது முதலில் உருகி அறுந்துவிடும், ஓட்டம் நின்றுவிடும். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் அறிந்தே பலவீனமாகச் செய்து, அக்கண்ணியை நம் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதே பியூஸின் தத்துவம். 1847-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டின் பிரெகே என்பவர், தந்தி நிலையங்களை இடியினின்றும் காப்பதற்கு மெலிந்த கம்பியைப் பயன்படுத்துமாறு கூறினார். மின் விளக்குகளுக்காக எடிசன் இத்தகைய ‘காப்புக் கடத்தி’க்கு 1880-இல் காப்புரிமை பெற்றார்.

எந்தக் கனமுள்ள கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதை 1880-களில் ஆராய்ந்தவர் பிரிட்டனின் பிரீஸ் என்னும் பொறியாளர். அவருடைய கணக்கின்படி, 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி ஏறத்தாழ 7 ஆம்பியரிலும், 0.5 மில்லிமீட்டர்க் கம்பி ஏறத்தாழ 28 ஆம்பியரிலும், 1 மில்லிமீட்டர்க் கம்பி 80 ஆம்பியரிலும் உருகும். கம்பியின் நீளத்தையும் அது இருக்கும் கட்டையையும் பொறுத்து இது சிறிது மாறுபடும். எனினும் ஓர் உண்மையை இங்கே கவனிக்க வேண்டும். கம்பியின் விட்டத்தை இரு மடங்காக்கினால் அதை உருக்கும் மின்னோட்டம் இரு மடங்காவதில்லை, 2.8 மடங்கிற்கு மேல் ஆகிறது. ‘சற்றுத் தடித்த கம்பிதானே’ என்று நாம் எண்ணுவது எத்துணைப் பிழை என்பது இதனால் விளங்கும்.

இனி, கட்டையின் அமைப்பைப் பார்ப்போம். நம் வீடுகளில் ‘கிட்காட்’ என்று வழங்கும் பீங்கான் கட்டையில் இரண்டு பாகங்கள் உள. பலகையில் பதிந்திருப்பது அடிக்கட்டை. கையால் பிடுங்கி எடுப்பது மேற்கட்டை. பணம் கட்டத் தவறியவர் வீட்டில் மின்சார இலாகாவினர் ‘பீஸைப் பிடுங்கிக்கொண்டு’ போவார்களே, அதுதான் இது. மேற்கட்டையின் இரு முனைகளிலும் பித்தளைத் தகடும் திருகும் இருக்கும். இடையிலுள்ள பள்ளத்தில் ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பி செல்லும். செம்பு உருகுவது 1085 டிகிரி வெப்பத்தில். அவ்வெப்பத்தையும் அப்போது எழும் பொறியையும் பீங்கான் தாங்கிக்கொள்கிறது. உருகுவது காசு பெறாத ஒரு சாண் கம்பி. நிலைத்து நிற்பது தலைமுறை கடந்து உழைக்கும் கட்டை. அழிய வேண்டியதை மலிவாகவும் சிறியதாகவும் வைத்து, அழியக் கூடாததை உறுதியாகச் செய்திருக்கும் அழகே அழகு!

ஆயினும் இவ்வழகினுள்ளேயே ஒரு குறையும் பிறந்துவிட்டது. பழுதான பாகத்தை நாமே மாற்றலாம் என்னும் உரிமை இருக்கும்போது, தவறான பாகத்தை வைக்கும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறதன்றோ? மின்னுருகிகளின் வரலாறே இவ்வொரு கேள்விக்கு உலகத்துப் பொறியாளர்கள் கூறிய பல விடைகளின் வரலாறு எனலாம்.

அமெரிக்காவில், நாருறைக் குழாயின் இரு மூடிகளையும் திருகிக் கழற்றி, உள்ளே உருகிய துத்தநாகப் பட்டையை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் வகை ஒன்று செய்தனர். பட்டை தொழிற்சாலையில் அளவாக வெட்டப்பட்டு வருவதால், கண்ட கம்பியைச் சுற்றும் தீமை குறைந்தது. ஆனால் ஒரு பட்டைக்கு இரண்டாகப் பொருத்துவோரைத் தடுக்க அதில் வழியில்லை. ஆதலால் அந்நாட்டு மின் விதிகள் இவ்வகையைப் புதிய இடங்களில் அமைக்க இன்று அனுமதிப்பதில்லை. பழைய இடங்களிலும், அளவு மீறிப் பொருத்தியதற்கான அடையாளம் இல்லாவிடில் மட்டுமே மாற்றாக வைக்க அனுமதிக்கின்றன. பியூஸுக்குப் பின்னால் செப்புக் காசைச் செருகி விளக்கெரித்தவர்களும் அந்நாட்டில் இருந்தனர் என அறிகையில், நாம் மட்டுமே குற்றவாளிகள் அல்லர் என்று ஓரளவு ஆறுதல் உண்டாகிறது!

ஜெர்மனியர் வேறு வழி கண்டனர். ‘டயஸெட்’ எனப்படும் அவர்களது பியூஸில், அடிக்கட்டைக்குள் ஓர் அளவு வளையத்தை மின் தொழிலாளி பொருத்திவிடுவார். அவ்வளையத்தின் துளைக்குள் உரிய அளவு உருகியின் முனை மட்டுமே நுழையும். பெரிய உருகியின் முனை தடித்திருக்கும். எவ்வளவு முயன்றாலும் உட்புகாது. அறிவுரை கூறுவதைவிடத் துளையைச் சிறிதாக்குவது மேல் என்று அவர்கள் எண்ணினர் போலும்!

தொழிற்சாலைகளில் உள்ள ‘எச்.ஆர்.சி.’ உருகிகளில் மாற்றத் தக்க உட்பாகமே இல்லை. பீங்கான் குழாய்க்குள் வெள்ளி அல்லது செம்பு இழையைச் சுற்றிக் குவார்ட்ஸ் மணலை நெருங்க நிரப்பியிருப்பர். இழை ஆவியாகும்போது எழும் தீப்பொறியை மணல் விழுங்கித் தானே உருகிக் கண்ணாடிக் கட்டிபோல் ஆகிவிடும். அதை மீட்டும் பயன்படுத்த இயலாது. முழுவதையும் மாற்ற வேண்டும். பீங்கான் கட்டைகளில் தேர்ந்தவைகூட 4000 ஆம்பியர் அளவுள்ள குறுக்கு ஓட்டத்தைத்தான் துண்டிக்கும்; எச்.ஆர்.சி. உருகியோ 80,000 ஆம்பியரையும் துண்டிக்கும். பெரும் பகைக்கு முன் சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை.

ஆயினும் மீளப் பயன்படும் உருகி முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஊர்ப்புறத்தில் டிரான்ஸ்பார்மர் மேடையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சாய்வாகப் பூட்டப்பட்ட குழாய்கள் சில உண்டு. உள்ளிருக்கும் இழை உருகியதும், குழாயின் உட்பூச்சு வெப்பத்தால் வாயுவைக் கக்கித் தீப்பொறியை ஊதி அணைக்கிறது. குழாயும் பிடி தளர்ந்து கீழே தொங்குகிறது. எது போயிற்று என்பதைத் தொலைவிலிருந்தே கண்டறியும் தொழிலாளி, நீண்ட கழியால் குழாயை இறக்கிப் புதிய இழையை இட்டு மீண்டும் மாட்டுகிறார். இங்கே மாற்றுபவர் பயிற்சி பெற்றவர். மாற்றும் பாகமும் அளவிட்டது. ஆதலால் அவ்வமைப்பு நிலைத்து நிற்கிறது.

இறுதியாக, 1924-இல் ஜெர்மனியில் ஸ்டாட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற சிறு மின்துண்டிப்பான், ‘எம்.சி.பி.’ என்னும் பெயரில் இன்று நம் காலனியின் புதிய குடியிருப்புகளில் இடம்பெற்றுள்ளது. இதில் உருகுவது எதுவுமில்லை. மிகைச் சுமைக்கு வளையும் இரு உலோகப் பட்டையும், குறுக்கு ஓட்டத்திற்கு இழுக்கும் காந்தச் சுருளும் உள்ளன. குமிழை நாம் அழுத்திப் பிடித்திருந்தாலும் உள்ளே அது விடுபட்டே தீரும். பிடிவாதக்காரரையும் எண்ணிச் செய்த கருவி! எனினும் 16 ஆம்பியர் துண்டிப்பான் அடிக்கடி விழுகிறதென்று அவ்விடத்தில் 32 ஆம்பியரை வைப்போமாயின், செம்பிழையை முறுக்கிய பழைய கதைதான் புது உருவில் திரும்பும். கருவி மாறினாலும் கருத்து மாறாவிடில் பயனென்ன?

பழைய குடியிருப்புகளில் இன்றும் பீங்கான் கட்டைகளே உள்ளன. கோடையில் கூலரும் பனிக்காலத்தில் ஹீட்டரும் இல்லாமல் இந்த வட நாட்டில் வாழ்வதற்கில்லை. ஆடவர் வேலைக்குச் சென்ற நேரத்தில் பியூஸ் போனால், பிஜிலி மிஸ்திரி வரும்வரை காத்திருப்பவர்கள் தாய்மார்களே. ஆதலின் அவர்களுக்குச் சிறப்பாகச் சில சொற்கள்.

முதலாவதாக, கம்பி ஏன் போயிற்று என்று கேளுங்கள். எதை இயக்கியதும் போயிற்றோ அதனைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பின்னர் மெயின் சுவிட்சை அணைத்து, காலில் செருப்புடனோ உலர்ந்த பலகைமீதோ நின்று, கட்டையைப் பிடுங்குங்கள். பழைய கம்பித் துண்டுகளையும் கரியையும் துடைத்துவிட்டு, விளக்குச் சுற்றுக்கு 5 ஆம்பியர், பெரிய பிளக்குக்கு 15 ஆம்பியர் எனக் கடையில் அட்டையில் சுற்றி விற்கும் கம்பியில் உரியதை ஒரே இழையாக இடுங்கள். திருகின் முடுக்குத் திசையிலேயே சுற்றுங்கள். கம்பியை இழுத்துக் கட்டாதீர்கள். திருகை நசுங்கும்படி முடுக்காதீர்கள். நசுங்கிய இடம் காரணமின்றியே உருகும். கட்டையைச் செருகிய பிறகே மெயினைப் போடுங்கள். மீண்டும் போயிற்றேல் தடித்த கம்பியைத் தேடாதீர்கள், மிஸ்திரியைத் தேடுங்கள். மிகப் பழைய கட்டைகளில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் நார் வைத்திருப்பதுண்டு. அதைச் சுரண்ட வேண்டாம். அத்தூள் நுரையீரலுக்குப் பகை. கட்டையையே மாற்றிவிடுவது நலம்.

மற்றொன்றும் கூறிவிட வேண்டும். பியூஸ் ஒயரைக் காக்கும். நம் உடலைத் தொட்ட மின்சாரத்தினின்றும் நம்மைக் காக்காது. உயிருக்கு ஊறு செய்ய ஓர் ஆம்பியரில் மிகச் சிறு பங்கே போதும். அதற்குப் பியூஸ் அசைந்துகொடுக்காது. 30 மில்லி ஆம்பியர்க் கசிவிலேயே துண்டிக்கும் தனிக் கருவி ஒன்றுண்டு. குளியலறையில் கெய்ஸர் உள்ள வீடுகள்தோறும் அது அமைய வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.

அன்பர்களே! இவ்வாண்டு விழாவுக்கு மேடை விளக்குகளும் பாய்லரும் தனித்தனிச் சுற்றுகளிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. மண்டபத்து மெயின் பெட்டியருகே அளவான கம்பி அட்டைகள் இரண்டையும் ஒரு டார்ச் விளக்கையும் வைத்துள்ளோம். நிகழ்ச்சியின் நடுவே விளக்கு அணையுமாயின், ஐந்து நிமிடம் இருளில் பொறுமையாக அமர்ந்திருக்குமாறு உங்களை இப்போதே வேண்டிக்கொள்கிறோம். அவ்விருள் நம் குழந்தைகளைக் காக்கும் இருள். தன்னை உருக்கிக்கொண்டு நம்மைக் காக்க வந்த அச்சிறு கம்பிக்கு நாம் செய்யக் கூடிய மரியாதை, அதனிடத்தில் அதன் அளவினதான மற்றொன்றை வைப்பதே.

அன்று குழந்தைகளை அழைத்துச் சென்ற அத்தாயார் இன்றும் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். பெயர் கூற அவர் விரும்பவில்லை. ஆயினும் இவ்வுரை அவருக்கே உரியது.