ஒரே மலையின் நீர்

பல்கலைக்கழகங்களிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, சவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உழவர்களே, சந்தவாசல் ஊர்ப் பெரியவர்களே!

நீடித்த வளர்ச்சிக்கான பல்துறை ஆய்வும் கற்பித்தலும் என்பது இம்மாநாட்டின் பொருள். இதை நகரத்து அரங்கில் நடத்தாமல் போளூர் வட்டத்து மலையடிவாரத்தில் நடத்த முன்வந்த அமைப்பாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன். இப்பொருளைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் எதிரில் நிற்கும் மலையில் பெய்யும் மழை பல வழியாகப் போகிறது. அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கிழக்குச் சரிவின் நீர் செண்பகத்தோப்பு, படவேடு வழியே கமண்டல நாகநதியாக ஆரணியைக் கடந்து செய்யாற்றில் விழுகிறது. வடமேற்குச் சரிவின் ஓடைகள் வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றில் இறங்குகின்றன. பிரிந்த இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் மறுபடி ஒன்றாகின்றன. வேகவதியும் அங்கேதான் வந்து சேர்கிறது. மேலே சாமைக்காடு, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்கள், சமவெளியில் ஏரிப்பாசன நெல்வயல். ஆறு இவை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. நம் கல்வியிலோ தாவரவியல் ஒரு மாடியில் இருக்கிறது, சட்டம் வேறொரு வளாகத்தில் இருக்கிறது, மருத்துவமும் வேளாண்மையும் வேறு வேறு பல்கலைக்கழகங்களின் கீழ் இருக்கின்றன. ஆளுக்கொரு துண்டு ஆற்றை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் பாலாற்றைப் பார்க்கட்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைக் கழிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு வருமுன் காக்க வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது நிலைநாட்டியது. இன்றும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் அதைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. அந்தத் தீர்ப்புக்குள் இருக்கும் சான்றுகளைப் பாருங்கள். தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று காட்டியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம் எடுத்த கணக்கெடுப்பு. மண்ணைச் சோதித்தவர்களின் உழைப்பு இல்லாமல் வழக்கறிஞர்களின் வாதம் நின்றிருக்காது. வழக்கு இல்லாவிட்டால் அந்தக் கணக்கெடுப்பு அலமாரியில் தூங்கியிருக்கும்.

ஆனாலும் வேலை பாதியில் நிற்கிறது. 28 ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் அதே தோல் ஆலை மாசைப் பற்றி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. தீங்கை அளந்தாயிற்று, சட்டமும் வந்தாயிற்று. உப்பேறிய நிலத்தை மீட்பது எப்படி, அதற்கு ஆகும் செலவைப் பிரித்துக்கொள்வது எப்படி, ஆலைத் தொழிலாளியின் கூலி கெடாமல் பழைய முறையை மாற்றுவது எப்படி என்ற கேள்விகளுக்குப் பொறியாளரும் பொருளியலாளரும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அது போதுமான அளவு நடக்கவில்லை என்பதே என் துயரம்.

இனி மலைக்கு வருவோம். சாமை இம்மலையின் பயிர். மானாவாரியில் வரும், உரம் அதிகம் கேட்காது, குறுகிய காலத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அருகிலேயே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் நல்ல ரகங்களை உருவாக்கி வருகிறது. அந்தப் பணியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஒரு குடும்பம் சாமை விதைப்பதா வேண்டாமா என்பதை ரகம் மட்டும் முடிவுசெய்வதில்லை. கொல்லிமலையில் இதைக் கண்கூடாகக் கண்டோம். அங்கே சாமையும் தினையும் விளைந்த நிலத்தை மரவள்ளி பிடித்துக்கொண்டது. காரணம் சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் தந்த ரொக்கம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் அங்கே வேலை தொடங்கியபோது, விதையை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று விரைவில் தெரிந்தது. சிறுதானியத்தின் உமி கெட்டியானது. உரலில் போட்டுக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது. உமி நீக்கும் இயந்திரம் ஊருக்கு வந்து, அதை மகளிர் குழுக்கள் நடத்தத் தொடங்கிய பிறகுதான் சிறுதானியத்துக்கு மீண்டும் ஒரு வழி பிறந்தது. தாவர மரபியலில் தொடங்கிய ஒரு கேள்விக்கான விடை சமையலறையிலும் சந்தையிலும் கிடந்தது. தொடக்கத்திலேயே அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால் வழி இன்னும் குறுகியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்லாமல் போவது அறமாகாது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பலர் இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்தவர். படவேட்டைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் போனவர்கள். செம்மரம் தாவரவியலில் அரிய மரம், வனச் சட்டத்தில் கடத்தல் பொருள், உலகச் சந்தையில் பெரும் பணம். மரம் வெட்டப் போனவனோ மானாவாரி பொய்த்த வீட்டின் மகன். காட்டைக் காப்பது பற்றி ஓர் ஆய்வேடு எழுதி, அதில் இந்த மகனுக்கு ஓர் அத்தியாயமும் இல்லையென்றால் அந்த ஆய்வேட்டை நான் முழுமையானதாக ஏற்கமாட்டேன்.

கற்பித்தலுக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் கல்வி எல்லா மாணவர்க்கும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991இல். அது நடைமுறைக்கு வர 2003இல் மறுபடி ஓர் உத்தரவு தேவைப்பட்டது. இதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டத்தில் 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. மிக நல்ல ஏற்பாடு அது. அதை நாம் என்ன செய்தோம்? பல கல்லூரிகளில் அந்த 25 மதிப்பெண், முந்தைய ஆண்டு மாணவரின் கோப்பைப் பார்த்து எழுதும் வேலையாகிவிட்டது.

அந்த 25 மதிப்பெண்ணை நான் இம்மாநாட்டிடம் கேட்கிறேன். கமண்டல நாகநதிக் கரையில் செண்பகத்தோப்பிலிருந்து ஆரணி வரை கிணறுகளைத் தேர்ந்தெடுப்போம். ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவர்கள் அதே கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளக்கட்டும். வேதியியல் மாணவர் நீரைச் சோதிக்க, வரலாற்று மாணவர் அந்தக் கிணற்றின் கதையை வீட்டாரிடம் கேட்டு எழுதட்டும், வணிகவியல் மாணவர் அந்த ஆண்டுப் பயிரின் வரவு செலவைக் குறிக்கட்டும். பத்தாண்டில் எந்த ஆய்வுத் திட்ட நிதியாலும் வாங்க முடியாத ஒரு பதிவு நம் கையில் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் அதன் முடிவு தமிழில் ஒரே பக்கத்தில் கிராமசபையில் படிக்கப்பட வேண்டும். படிக்கப்பட்ட பிறகே மதிப்பெண் போடப்பட வேண்டும்.

பழைய முன்மாதிரி ஒன்றும் இந்த ஆற்றிலேயே இருக்கிறது. நான் முன்பு சொன்ன திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒரே கோயிலில் ஒரு கல்விச்சாலையும் 15 படுக்கை கொண்ட மருத்துவமனையும் நடந்ததைச் சொல்கிறது. மருத்துவரோடு மூலிகை கொண்டுவருபவருக்கும் அதில் சம்பளம் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலம் எல்லாவற்றிலும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கல்விச்சாலையின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. மூலிகை பறிப்பவரின் அறிவுக்கும் உழைப்புக்கும் கணக்கில் இடம் இருந்ததே, அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

துணைவேந்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு துறையினர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பதவி உயர்வுக் கணக்கில் ஆளுக்குப் பாதி மதிப்பு என்ற வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதை நீக்குங்கள். இளம் ஆசிரியர்கள் தனித்தனியே ஒதுங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நிகழ்ச்சி நிரலில் முதல் அமர்வு ஆய்வுக் கட்டுரைகள் என்று அச்சாகியிருக்கிறது. அமைப்பாளர்களின் இசைவோடு அதை மாற்றுகிறேன். முன்வரிசையில் இருக்கும் மலை உழவர்கள் தங்கள் கேள்விகளை முதலில் வைப்பார்கள். கட்டுரை படிக்க வந்தவர்கள் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மாநாடு தொடங்கட்டும்.